ஜெபத்துல வச்சுக்கோங்க

நான் நன்றாக ஜெபம் பண்ணுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, எங்கள் சபையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். புனேயில் தமிழ் ஆராதனைக்கு வருகிற குடும்பங்களில் வானவடிப் பக்கம் இருக்கிறவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். இரண்டு பாட்டு, ஒரு வேதபாகம், போதகரின் சின்னச் செய்தி, ஜெபம், கடைசியில் டீயும் போண்டாவும். செய்தியை முடித்ததும் போதகர் கூடத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பார். பிறகு, "அக்கா, நீங்க ஜெபிச்சு முடிங்க" என்பார். அந்த அக்கா நான்தான். அவர் வேறு யாரையாவது கூப்பிட்ட வாரங்களில் எனக்கு டீ இறங்காது.

இதில் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு. கல்யாணமாகி, ராணுவத்தில் இருந்த கணவருடன் இந்த ஊருக்கு வந்தவள் நான். வாசலைத் தாண்டினால் இந்தி, மராத்தி. வீட்டுக்குள் பேசுகிற தமிழும் வரவர 'பாஜி வாங்கியாச்சா, ரிக்‌ஷா கிடைச்சுதா' என்று காய்கறிக்கும் வண்டிக்குமான அளவுக்குச் சுருங்கிப்போனது. என் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் ஜெபத்துக்கென்று கண்ணை மூடினேனென்றால் ஊரில் வேதக்கோயிலில் கேட்டுக் கேட்டு ஊறின தமிழ் அப்படியே எழும்பி வரும். கிருபை என்பேன், அடியாள் என்பேன், தேவரீர் என்பேன். ஐ.டி. வேலைக்காகப் புதிதாகச் சென்னையிலிருந்து வந்த பிள்ளைகள்கூட, "ஆன்ட்டி, உங்க ப்ரேயர் கேட்டா சொந்த ஊருக்குப் போன மாதிரி இருக்கு" என்பார்கள். மனுஷிக்கு அது போதாதா!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'எல்லாரையும் ஆசீர்வதியும்' என்று மொத்தமாக ஜெபித்து முடிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. சோம்பேறி ஜெபம் என்பேன். எனக்கு விவரம் வேண்டும். யாருக்கு முழங்கால் வலி, இடதா வலதா, யார் மகனுக்கு எந்தப் பரீட்சை, யாருடைய வீட்டுக்காரருக்கு எந்த ஊருக்கு மாற்றல் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைப்பேன். அப்படி வைக்கும்போது அந்தந்த மூலையிலிருந்து ஒரு விசும்பல் கேட்கும், 'ஸ்தோத்திரம்' என்று ஒரு குரல் கேட்கும். அது கேட்டால்தான் எனக்கு ஜெபம் மேலே போனது போல இருக்கும்.

எங்கள் கூட்டத்தில் எனக்கு நெருக்கமானவள் ஒருத்தி, என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவள். கோயம்புத்தூர்க்காரி. அவள் கணவருக்குத் தேஹு ரோடு ராணுவக் கிடங்கு அலுவலகத்தில் வேலை. முதலில் அங்கேயே இருந்தார்கள், பிறகு எங்களுக்கு அடுத்த கட்டடத்தில் வீடு வாங்கிக்கொண்டு வந்தார்கள். வந்த நாள் முதல் நான்தான் அவளுக்கு அக்கா. பால் குக்கர் எங்கே வாங்குவது என்பதிலிருந்து கணவருடைய கோபத்தை எப்படிச் சமாளிப்பது என்பது வரை என்னிடம்தான் கேட்பாள். அவர் கெட்டவர் இல்லை. எல்லாவற்றுக்கும் விசுவாசக் குறைவுதான் காரணம் என்பார், அவ்வளவுதான். தலைவலி என்றாலும் முதலில் ஜெபம், பிறகுதான் மாத்திரை.

அவர்களுக்கு ஒரே மகள். சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் நான் நடத்திய வகுப்பில் இருந்தவள். "ஆன்ட்டி, ஜீசஸுக்கு மராத்தி தெரியுமா?" என்று கேட்டவள். தெரியும் என்று சொன்னதும், "அப்போ நான் ஸ்கூல்ல மராத்தியில ப்ரே பண்ணிக்கிறேன், வீட்டுல தமிழ்ல பண்ணிக்கிறேன்" என்று கணக்குத் தீர்த்துக்கொண்டவள். ஜெபம் என்பது உனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் நடக்கிற பேச்சு, அது மூன்றாவது ஆளுக்குக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்று அந்த வகுப்புக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். இதை எழுதும்போது கை கூசுகிறது.

போன குளிர்காலத்தில் ஒரு காலை வேளை அந்தப் பிள்ளையின் அம்மா என் வீட்டுக்கு வந்தாள். நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கை உரித்தாள். பிறகு உரிப்பதை நிறுத்திவிட்டு அழுதாள். மகளுக்கு மாதக்கணக்கில் தூக்கமில்லையாம். விமான் நகரில் வேலை பார்க்கிற இடத்தில் பாத்ரூமுக்குள் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்காருவாளாம். அவளே ஒரு மனநல மருத்துவரைத் தேடிப் போயிருக்கிறாள். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு மட்டும் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. இதற்கு நடுவே கோயம்புத்தூரிலிருந்து ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அவங்கப்பாகிட்ட நேரம் பாத்துச் சொல்லிக்கலாம்னு இருக்கேனுங்க அக்கா. இப்ப சொன்னா மாத்திரையத் தூக்கி வீசிருவாரு. உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன். ஜெபத்துல வச்சுக்கோங்க."

எங்கள் ஆட்கள் இப்படிச் சொன்னால், இது வெளியே போகக் கூடாது என்பதும் அதற்குள் அடக்கம். அதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. நானும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் யாருட்ட சொல்லப் போறேன்? ஆண்டவர்ட்டதான் சொல்லுவேன்" என்றேன். பொய்யாகச் சொல்லவில்லை. தினமும் காலையில் அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்னால் அந்தப் பிள்ளையை நினைத்து ஜெபித்தேன். கண் கலங்கித்தான் ஜெபித்தேன்.

சில வாரங்கள் கழித்து ஜெபக்கூட்டம் அவர்கள் வீட்டு முறைக்கு வந்தது. சோபாவை ஓரம் தள்ளிவிட்டு ஜமக்காளம் விரித்திருந்தார்கள். வீட்டுக்காரர் என்ற முறையில் அவள் கணவர் போதகருக்குப் பக்கத்தில் பாட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பக்கத்தில் அவள். மகள் சமையலறை வாசலை ஒட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். போதகர் செய்தியை முடித்தார். கூடத்தைப் பார்த்தார். "அக்கா, நீங்க ஜெபிச்சு முடிங்க."

தொடங்கினேன். அன்றைக்குத் தமிழ் வழக்கத்தைவிட நன்றாகவே வந்தது. இந்த வீட்டைக் கட்டிக் காத்த தயவுக்கு நன்றி சொன்னேன். தகப்பனின் வேலைக்காக, தாயின் சுகத்துக்காகக் கேட்டேன். பிறகு மகளிடம் வந்தேன். "இந்தச் சிறுபெண்ணின் கண்களுக்கு நித்திரையைத் தாரும் ஆண்டவரே" என்றேன். யாரோ ஸ்தோத்திரம் சொன்னார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த இடத்தில் பக்கத்திலிருந்து அவள் கை என் முழங்காலைத் தொட்டது. தொட்டது மட்டுமில்லை, அழுத்தியது. அவள் உருகிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு இன்னும் குரல் கூடியது. "மறைவிலே அழுகிற அவள் கண்ணீரைத் துடையும். அவள் உட்கொள்ளும் மாத்திரைகளை ஆசீர்வதியும். மனதின் வியாதியைக் குணமாக்கும் மருத்துவரின் கைகளை..."

அழுத்திய கை எடுக்கப்பட்டது.

அவள் உருகினாள் என்று நினைத்தேன் என மேலே எழுதிவிட்டேன். அது முழு உண்மையா என்று எனக்கே தெரியவில்லை. மாத்திரை என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சு விடுகிற நேரம் இருந்தது. தகப்பன் எதிரே இருக்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் நிற்கவில்லை. ஏனென்றால் வாக்கியம் அவ்வளவு அழகாக வந்துகொண்டிருந்தது. இந்த வீட்டில் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்ற நினைப்பும் அதில் கொஞ்சம் கலந்திருந்ததோ என்னவோ. கொஞ்சமாக இருந்தால் மட்டும் என்ன?

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தோம். சமையலறை வாசலில் பிள்ளை இல்லை. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அவள் கணவர் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. அவள்தான், "போண்டா ஆறிரும், எல்லாரும் சாப்பிடுங்க" என்று எழுந்தாள். எனக்கும் தட்டில் வைத்துக் கொடுத்தாள். சட்னி இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றுகூடக் கேட்டாள்.

என் கணவர் தேவைக்கு மேல் பேசாதவர். எங்கள் கட்டடத்து லிஃப்டுக்குள் கேட்டார். "பிள்ளைக்கு மேலுக்கு முடியலங்கிறது அவருக்குத் தெரியாதுன்னு உனக்குத் தெரியுமா?"

"நான் ஜெபத்துலதான சொன்னேன்?"

"ஜெபத்துல சொன்னா காதுல விழாதோ?"

மேற்கொண்டு அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லிச் சண்டை போட்டு ஆறியிருப்பேன்.

மறுநாளிலிருந்து எனக்குப் போன் வரத் தொடங்கியது. "அக்கா, உங்க ஜெபம் நேத்து ரொம்ப உருக்கமா இருந்துச்சு. பிள்ளைக்கு என்ன வியாதியாம்? குறிப்பா வச்சு ஜெபிக்கணும்ல, அதான் கேக்கேன்." இதே கேள்வியை இதே இழுவையோடு நானும் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன்! எனக்குத் தெரியாது என்று சொல்லிச் சொல்லி வைத்தேன். சொல்லி என்ன? அந்த வாரத்துக்குள் எங்கள் சபையில் எல்லார் வீட்டு ஜெபத்திலும் அந்தப் பிள்ளை இருந்தாள். வரன் பேசின கோயம்புத்தூர்க்காரர்கள் காரணம் சொல்லாமல் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். தகப்பன் மாத்திரைகளை வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். வீட்டில் மூன்று வேளை ஜெபம் நடந்தது. பிள்ளை ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு, விமான் நகரிலேயே பெண்கள் தங்குகிற விடுதிக்குப் போய்விட்டாள். இதையெல்லாம் அவள் அம்மா என்னிடம் சொல்லவில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆண்டவரிடம் மன்னிப்பு அன்றைக்கே கேட்டுவிட்டேன். கிடைத்துவிட்டது என்றும் நம்புகிறேன், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. போதகரிடம் போய்ச் சொன்னேன். "நல்ல நோக்கத்துலதானே அக்கா செஞ்சீங்க, மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார். எனக்கு யாராவது நன்றாகத் திட்டினால் தேவலை போலிருந்தது. அதற்காகவே அவள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று, "எந் தப்புதான். என்னைய மன்னிச்சிரு" என்றேன். அவள் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து டீ போட்டாள்.

"பரவால்லீங்க அக்கா. ஜெபந்தானே பண்ணுனீங்க."

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. அவளால் அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? ஒருத்தி வம்பு பேசினால் வீட்டு வாசலில் நின்று கேட்கலாம். ஜெபம் பண்ணினவளை என்னவென்று கேட்பது? இத்தனை வருஷமும் அந்தப் பாதுகாப்புக்குள் நின்றுகொண்டுதான் நான் எல்லார் வீட்டுச் சங்கதியையும் பேசியிருக்கிறேன் என்று அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் எனக்கு விளங்கியது.

பிள்ளையையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஒருநாள் ரிக்‌ஷா பிடித்து விமான் நகர் போனேன். முன்னாலேயே செய்தி அனுப்பியிருந்தேன். வருவாள் என்று நினைக்கவில்லை, வந்தாள். கழுத்தில் அலுவலக அட்டை தொங்கியது. அவள் அலுவலகத்துக்கு எதிரே நடைபாதையில் ஒரு டீக்கடை. எனக்கு அவளே டீ வாங்கிக் கொடுத்தாள். வழியெல்லாம் என்ன பேசுவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். வாயைத் திறந்தால் அதுவும் ஜெபம் போலவே வந்தது. பாதியில் விட்டுவிட்டு, "என்னைய மன்னிச்சிரும்மா" என்று மட்டும் சொன்னேன்.

"இட்ஸ் ஓகே ஆன்ட்டி. வேற டேப்லெட்ஸ் வாங்கிட்டேன். இப்போ தூக்கம் வருது." தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கிப் போனது. அதன் சத்தம் அடங்கும் வரை காத்திருந்தாள். "ஃபர்ஸ்ட் ரொம்ப கோபம் இருந்துச்சு. பப்பா மேலயும், உங்க மேலயும். இப்போ... பதா நஹி, தெரியல. டயர்டா இருக்கு."

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், இன்னதைச் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், ஆயிரம் பேரிடம் ஆயிரம் முறை சொன்னதை அவளிடமும் சொன்னேன். "நான் தினமும் உனக்காக ஜெபம் பண்ணிக்கிட்டுதாம்மா இருக்கேன்."

வாய்க்குக் கொண்டுபோன டீயை அவள் இறக்கிவிட்டாள்.

"ஆன்ட்டி, ப்ளீஸ். எனக்காக ப்ரே பண்ணாதீங்க."

"சத்தமா இல்லம்மா. மனசுக்குள்ளதான்."

"அதுவும் வேணாம். நீங்க ப்ரே பண்றீங்கன்னு நெனச்சாலே, யாரோ என்னைப் பத்திப் பேசிட்டிருக்காங்கன்னு தோணுது."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல? ஒருவருக்காக ஜெபிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த கிறிஸ்தவள் என்னைத் தவிர வேறு யாரும் இருக்கிறார்களா என்று தெரியவில்லை. அவள் அலுவலகத்துக்குத் திரும்பிப் போனாள். உள்ளே நுழைவதற்கு முன் திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். வளர்ப்பு நல்ல வளர்ப்பு. அதில் ஒரு பங்கு என்னுடையது என்று முன்பெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாக்கைக் காப்பாற்றுகிறேன். காலையில் அடுப்புக்கு முன்னால் நின்று ஒவ்வொரு வீடாக ஜெபித்துக்கொண்டு வருவேன். அடுத்த கட்டடத்துக்கு வந்து, பிள்ளையின் அம்மாவுக்காகக் கேட்பேன், அப்பாவுக்காகக் கேட்பேன், பிறகு வாயை மூடிக்கொள்வேன். பிள்ளையின் முகம் வந்து நிற்கும். எனக்குச் சொல்ல ஒன்றும் அனுமதி இல்லை. பாத்திரம் தேய்க்கத் தொடங்கிவிடுவேன். அவளுக்காக ஜெபிப்பது சுலபமாக இருந்தது. ஜெபிக்காமல் இருப்பதற்குத்தான் தினமும் அவளை முழுதாக நினைக்க வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமைக் கூட்டங்களில் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிச் சில வாரம் தப்பித்தேன். அதற்குள் எங்கள் வீட்டு முறை வந்துவிட்டது. எல்லாரும் வந்தார்கள். அவளும் கணவரோடு வந்தாள், ஒரு டப்பாவில் தேங்காய் பர்பி செய்து கொண்டுவந்தாள். அவள் வராமல் இருந்ததே இல்லை. எப்போதும் போல எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

ஜெபக்குறிப்புகள் சொல்லலாம் என்றார் போதகர். முன்பெல்லாம் இதற்கே அரைமணி நேரம் போகும். சொல்லும்போதே அழுகிறவர்கள் உண்டு. அன்றைக்கு ஒருவர் மகனின் விசாவைச் சொன்னார். ஒருவர் ஊருக்குப் போகிற பயணத்தைச் சொன்னார். முழங்கால் வலிக்காரம்மா வலி பரவாயில்லை என்றார். அவ்வளவுதான். வெளியாள் யாராவது கேட்டிருந்தால், இவ்வளவு குறையில்லாத சபை புனேயில் வேறு இல்லை என்று நினைத்திருப்பார்கள். எல்லாரும் என்னைப் பார்க்காமல் ஜமக்காளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கூடத்தில் இத்தனை வருஷம் அழுத அழுகையெல்லாம் இப்போது எங்கே போய் அழுகிறார்களோ!

போதகர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "அக்கா, உங்க வீடு. இன்னைக்காவது நீங்க ஜெபிச்சு முடிங்க."

மறுக்க முடியவில்லை. கண்ணை மூடினேன். "கிருபையுள்ள ஆண்டவரே" என்று தொடங்கினேன். தமிழ் வந்தது. தயவு, இரக்கம், அடியாள் எல்லாம் வரிசையாக வந்தன. நன்றி சொல்லி முடித்தேன். இனிக் கேட்க வேண்டிய இடம். அங்கே நின்றுவிட்டேன். எந்த விவரத்தை எடுத்தாலும் அது யாரோ ஒருவருடைய சொத்தாக இருந்தது. யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்புகிற சத்தம் கேட்டது. ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறக்கக் கூடாது என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த நான் கண்ணைத் திறந்தேன்.

எல்லார் தலையும் குனிந்திருந்தது. அவள் கணவர் முகத்தை இரண்டு கையாலும் மூடியிருந்தார். அவர் தோள் முன்னைவிட ஒடுங்கியிருந்தது. அவள் மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று பார்ப்போமே, அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது பொங்கினாலும் பிடித்துக்கொள்ளத் தயாராக அவள் கை என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. கண்ணைப் பார்த்ததும் இது இன்றைக்கு மட்டுமில்லை என்று புரிந்தது. தொண்டை கட்டியிருக்கிறது என்று நான் சொன்ன வாரங்களிலும், வேறு யாராவது ஜெபித்த வாரங்களிலும் அவள் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். எத்தனையோ சனிக்கிழமைகள் என் பக்கத்தில் கண்ணை மூடி அழுதவள் அவள்.

"எல்லாரையும் ஆசீர்வதியும், ஆண்டவரே" என்றேன். "ஆமென்" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவள் கண்ணை மூடினாள்.